ஒரு ஃபியட்டும் இரண்டு பூச்சுகளும்

சென்ற பொங்கலன்று எங்கள் வீட்டு வாசலில் ஒரு சிறு வழக்கு நடந்தது. வாதி என் பேரன். பிரதிவாதி நான். வழக்குக்குரிய பொருள், செம்பூரில் எங்கள் குடியிருப்பின் கீழே ஐம்பது வருஷத்துக்கும் மேலாக நின்றுகொண்டிருக்கும் 1966-ஆம் வருஷத்து ஃபியட் 1100.

"தாத்தா, வண்டிக்கு அறுபது ஆயிடுத்து. மனுஷாளுக்கு ஷஷ்டியப்தபூர்த்திக்குப் புது வேஷ்டி, புடவை எடுக்கறோம். இதுக்கு ஒரு புது பெயிண்ட் அடிக்கப்படாதா?" என்று ஆரம்பித்தான்.

"கூடாதுடா. இது ஒரிஜினல் பெயிண்ட். கம்பெனியிலேர்ந்து வந்தபோது போட்டது. ஒருதரம் சுரண்டினா போச்சு, திரும்ப வராது" என்றேன்.

இந்த பதிலைப் பல வருஷங்களாகப் பலரிடம் சொல்லி வந்திருக்கிறேன். சற்றுப் பெருமையுடனேயே சொல்லி வந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் பெருமை எப்படிக் கரைந்தது, அதன் பிறகு என்ன முடிவு செய்தேன் என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். நடுவில் கொஞ்சம் சரித்திரமும் ரசாயனமும் வரும். ரசாயனத்தில் பட்டம் பெற்று, சுங்க இலாகாவின் சோதனைக்கூடத்தில் முப்பத்தைந்து வருஷம் துறைமுகத்துக்கு வந்த பெயிண்ட், பிசின், சாயம் ஆகியவற்றின் மாதிரிகளைப் பார்த்தே காலம் கழித்தவனை வாசக அன்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தூரின் முதல் குர்லா வரை

ஃபியட் நிறுவனம் 1899-இல் இத்தாலியின் தூரின் நகரத்தில் தோன்றியது. வால்சந்த் ஹீராசந்த் 1944-இல் நிறுவிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், நம் குர்லா தொழிற்சாலையில் முதலில் அமெரிக்கக் கிரைஸ்லர் குழுமத்து வண்டிகளையும், பின்னர் ஃபியட் வண்டிகளையும் உருவாக்கியது. 1950-களில் வந்த உருண்டை முதுகு ஃபியட்டைப் பழைய பம்பாய்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1964-இல் 1100 டிலைட் என்ற மாதிரி வந்தது. 1089 சி.சி. என்ஜின், ஸ்டியரிங்கை ஒட்டிய கியர், நான்கு பேர் சௌகரியமாகவும் எட்டுப் பேர் அன்பாகவும் உட்காரக்கூடிய இடம்! இதே வண்டிதான் 1970-களில் பிரீமியர் பிரெசிடென்ட் என்று பெயர் மாறி, 1974 முதல் பத்மினி ஆயிற்று. 2000-ஆம் ஆண்டு வாக்கில் உற்பத்தி நின்றது. கடைசிப் பத்மினி டாக்சி பதிவானது 2003 அக்டோபரில். மும்பையில் டாக்சிக்கு இருபது வருஷமே ஆயுள் என்பதால் 2023 அக்டோபர் இறுதியில் அந்தக் கருப்பு-மஞ்சள் வண்டியும் தெருவை விட்டுப் போனது.

எங்கள் வண்டியை அப்பா 1974-இல் தாதரில் ஒரு பார்சிக் கனவானிடம் வாங்கினார். புது வண்டிக்குப் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த காலம் அது. பார்சிகள் வண்டியைப் பிள்ளை போல் வைத்துக்கொள்வார்கள் என்பது ஊரறிந்த விஷயம். அப்போது நான் தில்லியில் பயிற்சியில் இருந்தேன். அடுத்த வருஷம் விடுமுறையில் வந்து பார்த்தபோது வண்டி சந்தன நிறத்தில் வாசலில் நின்றது. அந்த நிறத்திலேயே பிறந்தது என்று எடுத்துக்கொண்டேன். யாரும் வேறு விதமாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஒரு சொட்டுத் தின்னர்

பேரன் விடுவதாக இல்லை. "பெயிண்ட் வேண்டாம்னா இருக்கட்டும், துருவையாவது காட்டலாம்" என்று குர்லாவிலிருந்து ஒரு பெரியவரை அழைத்து வந்தான். நாற்பது வருஷமாக டிங்கரிங், பெயிண்டிங் செய்கிறவர். துரு விஷயத்தில் பேரன் சொன்னது நியாயம்தான். 2005 ஜூலை 26-ஆம் தேதி சாந்தாகுருஸ் வானிலை நிலையத்தில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவானதே, அன்று எங்கள் வண்டி இருக்கை மட்டும் தண்ணீரில் நின்றது. என்ஜினைக் காப்பாற்றிவிட்டோம். ஆனால் கதவுகளின் அடிவிளிம்பில் அன்று புகுந்த ஈரம் உள்ளிருந்தே தின்று, பூச்சின் மேல் அம்மைக் கொப்புளம் போலக் கிளம்பியிருந்தது.

பெரியவர் டிக்கியின் விரிப்பைத் தூக்கி, பஞ்சில் சிறிது தின்னர் நனைத்து ஓர் ஓரத்தில் தேய்த்தார். பஞ்சில் சந்தன நிறம் கரைந்து வந்தது. இன்னும் தேய்த்தார். அடியில் வெளிர் நீலச் சாம்பல் நிறம் தெரிந்தது. அது எவ்வளவு தேய்த்தும் கரையவில்லை.

"சாப், மேலே இருப்பது கம்பெனி கலர் இல்லை. கீழே இருப்பதுதான் கம்பெனி" என்றார்.

முப்பத்தைந்து வருஷம் பெயிண்ட் சோதித்தவன் தன் வீட்டு வண்டியைச் சோதிக்கவில்லை! பேரன் சிரிக்கவில்லை, அது அவன் பெருந்தன்மை.

மேல்பூச்சு ஏன் கரைந்தது, கீழ்ப்பூச்சு ஏன் கரையவில்லை என்பதில்தான் கார் பெயிண்டின் முழுச் சரித்திரமும் அடங்கியிருக்கிறது. அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

காய்ந்த மாவும் வெந்த இட்லியும்

முதல் கார்களுக்குக் குதிரை வண்டிப் பூச்சுதான். ஆளிவிதை எண்ணெயில் குழைத்த நிறத்தையும் வார்னிஷையும் தூரிகையால் பூசி, காயவிட்டு, தேய்த்து, மறுபடி பூசுவார்கள். ஒரு வண்டி முடிய வாரக்கணக்கில் ஆகும். 1913-இல் ஃபோர்டு நகரும் வரிசையில் மாடல் டி வண்டிகளைத் தயாரிக்கத் தொடங்கியதும், இது எவ்வளவு பெரிய முட்டுக்கட்டை என்பது புரிந்தது. வாரக்கணக்கில் காய்கிற வண்டிகளை எங்கே நிறுத்துவது? 1914 முதல் 1925 வரை மாடல் டி கருப்பு நிறத்தில் மட்டுமே வந்தது. நிலக்கீல் வகைச் சரக்கு கலந்த கருப்பு எனாமலை அடுப்பில் வாட்டி உலர்த்தினார்கள். கருப்பு சீக்கிரம் காயும் என்பதே காரணம் என்று பலரும் சொல்வார்கள். மலிவும் உறுதியும்தான் பெரிய காரணம் என்பது ஆராய்ந்தவர்களின் கருத்து.

கருப்புக்கு முடிவு கட்டியது வெடிமருந்தின் உறவுக்காரப் பொருள் ஒன்று. பருத்தியை நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்தால் நைட்ரோசெல்லுலோஸ் கிடைக்கும். முதல் உலகப் போரில் இது ஏராளமாக உற்பத்தியாயிற்று. போர் முடிந்ததும் இதை வேறு எதற்குப் பயன்படுத்துவது என்று டுபாண்ட் நிறுவனத்தார் தேடிக்கொண்டிருந்தார்கள். 1920-இல் அவர்களுடைய கூடத்தில் தற்செயலாக, அடர்த்தியாக இருந்தும் நீர்த்துப் பாயக்கூடிய ஒரு கரைசல் கிடைத்தது. அதிலிருந்து பிறந்ததுதான் டூக்கோ. ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லாண்ட் வண்டி 1924-ஆம் வருஷ மாதிரியில் இந்த டூக்கோ நீலப் பூச்சுடன் வந்தது. வாரக்கணக்கு மணிக்கணக்காகச் சுருங்கியது. கார் வாங்குகிறவர் நிறத்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்ற நிலை சாதாரணக் குடும்பத்துக்கும் வந்தது. 1926-இல் ஃபோர்டும் மறுபடி பல நிறங்களுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. நம் நாட்டில் அந்த வணிகப் பெயர் தொழிலின் பெயராகவே ஆகிவிட்டது. இன்றும் எந்தப் பட்டறையிலும் 'டூக்கோ அடித்துக் கொடுங்கள்' என்றால் புரியும்.

டூக்கோ காய்வது வேறு, எனாமல் காய்வது வேறு. டூக்கோவில் தின்னர் ஆவியாகிப் போகிறது, அவ்வளவே. ரசாயன மாற்றம் எதுவும் நடப்பதில்லை. வாசலில் காய்ந்த இழைகோலம் மாதிரி. தண்ணீர் பட்டால் மாவு திரும்பக் கரையும். அடுப்பில் வாட்டிய எனாமலில் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு விடுகின்றன. அது வெந்த இட்லி மாதிரி. எத்தனை தண்ணீர் விட்டாலும் மாவாகாது. ஆக எங்கள் வண்டியின் அடிப்பூச்சு தொழிற்சாலை அடுப்பைக் கண்ட எனாமல். மேல்பூச்சு, அடுப்பில்லாத தெருப்பட்டறை ஒன்றில் துப்பாக்கியால் தெளித்த டூக்கோ. ஐம்பது வருஷத்தில் அது மங்கி, விரலால் தடவினால் சுண்ணாம்பு போல் ஒட்டுகிறது. அதுவும் அந்த ஜாதிப் பூச்சின் இயல்புதான்.

இப்போது பட்டறைகளில் அடிப்பது பெரும்பாலும் இரண்டு டப்பாச் சரக்கு. ஒன்றில் பிசின், மற்றொன்றில் ஐசோசயனேட். இரண்டும் கலந்தால் கண்ணாடி போல் இறுகும். கரையாது, மங்காது, பளபளக்கும். ஆனால் அடிக்கிறவர் சரியான முகமூடி இல்லாமல் சுவாசித்தால் ஆஸ்துமா வரும். அதோடு பழைய பூச்சுகளில் ஈயம் கலந்த நிறமிகள் இருந்தன. உப்புத்தாளால் உலர்வாகத் தேய்த்தால் அந்தத் தூள் மூச்சுக்குள் போகும். பழைய வண்டி வைத்திருக்கும் அன்பர்கள் இந்த இரண்டையும் மனத்தில் கொள்ள வேண்டும். நமக்குப் பளபளப்பு வேண்டும் என்பதற்காக இன்னொருவர் நுரையீரலைப் பணயம் வைக்கலாகாது.

பரணில் இருந்த கணக்கு நோட்டு

அப்படியானால் மேல்பூச்சை யார் அடித்தார்கள்? பார்சிக் கனவானா, அப்பாவா? அப்பா செலவழித்த ஒவ்வொரு நயா பைசாவுக்கும் கணக்கு எழுதியவர். பரணிலிருந்து 1974-ஆம் வருஷத்து நோட்டை இறக்கினேன். தேட அதிக நேரம் ஆகவில்லை. வண்டி வாங்கிய தொகைக்கு இரண்டு வரி கீழே, அவருடைய சாய்ந்த கையெழுத்தில் இப்படி இருந்தது:

'கார் பெயிண்ட், டூக்கோ, ரூ. 850. ஆத்தில் சொன்னபடி சந்தனக் கலர்.'

நம்மவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தத் தலைமுறையில் மனைவியின் பெயரைச் சொல்லவும் மாட்டார்கள், எழுதவும் மாட்டார்கள். 'ஆத்தில்' என்றால் அம்மா.

அம்மா எனக்கு இது வேண்டும் என்று ஒரு பொருளைக் கேட்டு நான் பார்த்ததில்லை. அப்பா அவளைக் கலந்துகொண்டு எதையும் செய்ததாகவும் எங்களுக்குத் தெரியாது. தீபாவளிப் புடவைகூட அப்பா வாங்கி வருவதுதான். அவளும் 1991-இல் போய்ச் சேர்ந்தாள். அந்த வீட்டில், ஒரு காரின் நிறத்தை அவள் சொல்லி, அதற்காக அவர் 850 ரூபாய் செலவழித்திருக்கிறார். அப்பாவின் அன்றைய ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி அது. முன் சீட்டில் உட்காராமல் எப்போதும் பின் சீட்டில் இடது ஓரமாகவே உட்கார்ந்து வந்தவள், வண்டி முழுவதையும் தன் நிறத்தில் ஓடவிட்டிருக்கிறாள். எங்களுக்குத்தான் தெரியவில்லை.

நோட்டைப் பேரனிடம் காட்டினேன். அவன் படித்துவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை. ஆனால் இந்தக் காலத்துப் பிள்ளை. "அப்போ உங்க 'ஒரிஜினல்' வாதம் போயிடுத்தே தாத்தா. ஒரிஜினல்தான் முக்கியம்னா, நியாயமா சந்தனத்தைச் சுரண்டி அந்த நீலச் சாம்பலைன்னா கொண்டு வரணும்?" என்றான்.

கேள்வி சரியானது. பதிலுக்கு எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

எது மூலம்?

தஞ்சைப் பெரிய கோயிலின் உள் சுற்றில், நாயக்கர் காலத்து ஓவியத்துக்கு அடியில் சோழர் காலத்து ஓவியம் இருப்பதை 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். எது மூலம் என்று கேட்டால் சோழருடையதுதான். அதற்காக நாயக்கர் ஓவியத்தைச் சுரண்டி எறிந்துவிடவில்லை. பிற்காலத்தில் தொல்லியல் துறையின் ரசாயனப் பிரிவினர் மேல்பூச்சைப் பக்குவமாகப் பிரித்தெடுத்துத் தனிப் பலகைகளில் பதித்தார்கள். இரண்டும் சரித்திரம் என்பதால் அந்தச் சிரமம். பழைய கட்டடங்களைப் பேணுவது பற்றி 1964-இல் உருவான வெனிஸ் சாசனமும் இதையே சொல்கிறது. ஒரு கட்டடத்தில் ஒவ்வொரு காலமும் சேர்த்ததை மதிக்க வேண்டுமாம்.

கார்களுக்கும் அப்படி ஒரு சாசனம் உண்டு. பழைய வாகனங்களுக்கான உலகச் சம்மேளனம் 2012-இல் அதை ஏற்றது. அதன் பெயர் தூரின் சாசனம். ஃபியட் பிறந்த அதே தூரின்! வண்டி ஓடிய காலத்தில் அதில் நேர்ந்த மாற்றங்களும் அதன் சரித்திரமே. அவசியத்துக்கு மேல் தொடாதே. தொட்டால் அந்தக் காலத்துப் பொருளையும் முறையையும் கூடியவரை கையாளு. என்ன செய்தாய் என்று எழுதி வை. சுருக்கமாக அதன் சாரம் இதுதான்.

ஒரு நிகழ்ச்சியையும் சொல்ல வேண்டும். கலிபோர்னியாவில் பெப்பிள் பீச் என்ற இடத்தில் 1950 முதல் பழைய கார்களின் அழகுப் போட்டி நடக்கிறது. நெடுங்காலம், புதிதைவிடப் புதிதாகப் பளபளக்கும் வண்டிகளே அங்கே முதல் பரிசு பெற்றன. 2024-இல்தான் முதல் முறையாக, புதுப்பிக்காமல் இருந்தபடியே காப்பாற்றிய வண்டி ஒன்று அந்தப் பரிசை வென்றது. 1934-ஆம் வருஷத்துப் புகாட்டி டைப் 59. விசேஷம் என்னவென்றால், அதன் மேலிருக்கும் பூச்சு தொழிற்சாலையில் அடித்ததல்ல. பந்தய வண்டியாக அது பிரெஞ்சு நீலத்தில் ஓடியது. பின்னர் பெல்ஜிய மன்னர் மூன்றாம் லியோபோல்ட் வாங்கி, கருப்பு அடித்து மஞ்சள் பட்டை போடச் சொன்னார். நடுவர்கள் மதித்தது மன்னர் விரும்பிய அந்தப் பூச்சைத்தான். (கருப்பும் மஞ்சளும் என்று கேட்டதும் நம் பம்பாய் டாக்சி ஞாபகம் வந்து நான் சிரித்துவிட்டேன்.)

மன்னர் சொன்ன நிறத்துக்கு அந்த மரியாதை உண்டென்றால், எங்கள் ஆத்தில் சொன்ன நிறத்துக்கும் உண்டு என்று தீர்மானித்தேன்.

தீர்ப்பு

ஆனால் அதோடு வழக்கு முடியவில்லை. எதையும் தொடாதே என்று நான் சாதித்திருந்தால், அடுத்த இரண்டு மழைக்காலத்தில் கதவின் அடியோடு அம்மாவின் நிறமும் உதிர்ந்து போயிருக்கும். பெயிண்டின் முதல் வேலை அழகு அல்ல. இரும்புக்கும் காற்றுக்கும் நடுவே நிற்பது. உப்புக்காற்று வீசும் ஊரில் துரு யாருடைய ஞாபகத்துக்கும் மரியாதை காட்டாது. இந்த விஷயத்தில் பேரன் சொன்னதே சரி, நான் இருபது வருஷம் சும்மா இருந்ததுதான் தவறு.

ஆகவே சமரசம் செய்துகொண்டோம். நான்கு கதவுகளின் அடிவிளிம்பையும், பின் சக்கரத்துக்கு மேலே ஒரு பகுதியையும் மட்டும் வெட்டி, புதுத் தகடு வைத்து, பட்டி பார்த்து, துருத் தடுப்புப் பூச்சு கொடுத்து, சந்தன நிற டூக்கோவே அடித்தோம். குர்லாப் பெரியவர், நாள்பட்டு மங்கிய இடத்தோடு பொருந்த வேண்டும் என்பதற்காக, நிறத்தை ஏழு தரம் கலந்து கலந்து பார்த்தார். ஈரத்தாளால்தான் தேய்த்தார், முகமூடி போட்டுக்கொண்டுதான் தெளித்தார். மற்ற பாகங்களில் காம்பவுண்ட் மட்டும், அதுவும் இலேசாக. டிக்கி ஓரத்தில் அவர் முதலில் தேய்த்த உள்ளங்கை அளவு இடத்தை அப்படியே விட்டுவிட்டோம். விரிப்பைத் தூக்கினால் நீலச் சாம்பல், அதைச் சுற்றிச் சந்தனம், இரண்டும் தெரியும். உற்றுப் பார்த்தால் கதவில் புது இடமும் பழைய இடமும் சேரும் கோடுகூடத் தெரிகிறது. அது பேரனுக்குக் குறையாகப் படுகிறது. எனக்கும் சில நாள் காலை வெயிலில் பார்க்கும்போது அப்படித்தான் படுகிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

இதைப் படிக்கும் அன்பர்களில் பழைய காரோ, ஸ்கூட்டரோ, தாத்தாவின் மரப்பெட்டியோ வைத்திருப்பவர்கள் இருக்கலாம். அவர்களுக்கு என் அனுபவத்தில் சில வார்த்தைகள். பூசுவதற்கு முன் மறைவான ஓர் ஓரத்தில் அடுக்குகளைப் பாருங்கள். நிழற்படம் எடுத்து வையுங்கள். ஐம்பது வருஷம் கடந்து, மூல வடிவம் மாறாத வண்டிகளைப் பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்துகொள்ள மத்திய அரசு 2021-இல் விதி செய்திருக்கிறது. என்ஜினையோ உடலையோ பெரிதாக மாற்றும் முன் அதைப் படித்துவிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். நான் கேட்டிருந்தால், ஏன் சந்தன நிறம் என்று அம்மாவே சொல்லியிருப்பாள். அதை எந்தத் தின்னரும் எனக்கு இனி எடுத்துக் காட்டாது.

எனக்குப் பிறகு வண்டி பேரனுடையது. அவன் எந்த நிறம் அடித்தாலும் தடுக்க நான் இருக்க மாட்டேன், தடுக்கவும் கூடாது. கணக்கு நோட்டின் அந்தப் பக்கத்தை நகல் எடுத்து, இப்போது செய்த வேலையின் விவரத்தையும் தேதியையும் அதன் கீழே எழுதி, ஆர்.சி. புத்தகத்தோடு வைத்திருக்கிறேன். முதல் மழைக்கு முன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு செம்பூரிலிருந்து மாடுங்கா கோயில் வரை போய் வந்தோம். என் மனைவி வழக்கம்போல் பின் கதவைத் திறக்கப் போனாள்.

"முன்னாடி உட்காரேன்" என்றேன்.